விடையின் முதல் பாதி

"உங்க வகுப்புச் சத்தம் என் அறை வரைக்கும் கேக்குது, டீச்சர்," என்றார் தலைமையாசிரியை.

"கேக்கட்டும்னுதான் கதவைத் திறந்து வெக்கிறேன் மேடம்," என்றாள் கணக்கு டீச்சர்.

"கேட்டதெல்லாம் சரியான விடை. என் காதால கேட்டேன். அப்புறம் பேப்பர்ல மட்டும் ஏன் இப்படி?"

மேசைமேல் ஏழாம் வகுப்பு 'ஆ' பிரிவின் கணக்கு விடைத்தாள்கள் கட்டாகக் கிடந்தன. அரையாண்டுத் தேர்வுக்கு ஒரு பள்ளியின் தாள்களை இன்னொரு பள்ளிக்கு அனுப்பித் திருத்தி வாங்குவது அங்கே வழக்கம். டீச்சர் மேலே இருந்த தாளை எடுத்துப் பிரித்தாள். கேள்வி எண் இருந்தது. பக்கத்தில் ஒன்றும் இல்லை. அடுத்த தாளிலும் கேள்வி எண், அதற்கு அழகாக ஒரு வட்டம், அவ்வளவுதான்.

"யார் மேடம் திருத்தினது?"

"யார் திருத்தினா என்ன? வெள்ளைத் தாளுக்கு எந்த ஊர்லயும் ஒரே மதிப்பெண்தான்."

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"அடுத்த வருஷம் இதுங்க எட்டாம் வகுப்பு. நம்ம பள்ளியில அதுதான் கடைசி. அந்த மதிப்பெண்ணை வெச்சுத்தான் உயர்நிலைப் பள்ளியில இடம் கொடுக்கறாங்க. 'அ' பிரிவு எடுக்கற சார், ரெண்டு பிரிவையும் சேர்த்து நானே பாத்துக்கறேங்கறார்."

"நான்?"

"மூணாம் வகுப்பு காலியா இருக்கு."

"மூணாம் வகுப்புப் பிள்ளைங்க நல்ல பிள்ளைங்க. யார் வேணா எடுக்கலாம். இந்தப் பிள்ளைங்களை நான் விடறதா இல்ல மேடம்."

"அப்போ ஆண்டுத் தேர்வுல 'அ' பிரிவைத் தொட்டுக் காட்டுங்க. தாண்ட வேணாம். தொட்டாப் போதும்."

"தொடும்," என்றாள் டீச்சர், ஏற்கெனவே தொட்டுவிட்டதைப் போல. கட்டைத் தூக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

ஆசிரியர் அறையில் 'அ' பிரிவு சார் காத்துக்கொண்டிருந்தார். கெட்டவர் இல்லை. சமயம் கிடைத்தால் சும்மா இருக்கமாட்டார், அவ்வளவுதான்.

"என்ன டீச்சர், உங்க பிள்ளைங்க வாயால படிச்சதைக் கையால எழுத மறந்துட்டாங்களாமே?"

"உங்க பிள்ளைங்களுக்குக் கை மட்டும்தான் சார் இருக்கு. எங்க வகுப்புக்கு வாய் வந்தாச்சு. கை வர எத்தனை நேரம் ஆகும்?"

"வாய் வந்தது எனக்கும் தெரியும். நான் நடத்தற பாடத்துல உங்க விடைதான் கேக்குது."

டீச்சர் சிரித்துவிட்டாள். ஆனால் வகுப்புக்குப் போகும்போது அந்தச் சிரிப்பு இல்லை. இந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும். நேற்றுக்கூடச் சொன்னார்கள். தெரிந்ததை எழுதாமல் வந்திருக்கிறார்கள் என்றால் எழுதப் பயம். அவ்வளவுதான் விஷயம் என்று முடிவு கட்டிக்கொண்டு கரும்பலகையின் முன்னால் போய் நின்றாள்.

"ஒரு தொட்டியில அஞ்சுல மூணு பங்கு தண்ணி இருக்கு. இன்னும் இருபது லிட்டர் ஊத்தினா நிறைஞ்சுடும். அப்போ காலியா இருக்கறது அஞ்சுல ரெண்...?"

"டு," என்றது வகுப்பு.

"அந்த ரெண்டு பங்குதான் இருபது லிட்டர். அப்போ ஒரு பங்கு பத்...?"

"து."

"ஆக மொத்தத் தொட்டி ஐம்...?"

"பது," என்று ஜன்னல் கம்பி அதிரச் சொன்னார்கள்.

"இவ்வளவு தெரியுது. பேப்பர்ல எழுத என்ன கேடு?"

அதற்கு மட்டும் சத்தம் இல்லை. கேள்வி பாதியில் நிற்கவில்லையே.

அன்றைக்குத்தான் டீச்சர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். அந்த ஒரே குரல் உண்மையில் ஒரே குரல் இல்லை. ஒரு குரல் மயிரிழை முன்னால் போனது, மற்றவை அதன் வாலைப் பிடித்துக்கொண்டு போயின. முன்னால் போன குரல் ரேடியோவுடையது. எதிர்ச் சாரியில் இஸ்திரிக் கடை வைத்திருப்பவளின் மகள். வாய் மூடாததால் வந்த பெயர்.

"ரேடியோ, அலுவலகத்துல போய் சாக்பீஸ் வாங்கிட்டு வா."

"இருக்கே டீச்சர், கையிலயே இருக்கே."

"இன்னொண்ணு வேணும். போ."

அவள் போனதும் டீச்சர் அதே தொட்டியை அதே எண்களோடு மறுபடி கேட்டாள். "காலியா இருக்கறது அஞ்சுல ரெண்...?"

முன் பெஞ்சில் சுண்டெலி என்று எல்லோரும் கூப்பிடும் சின்னப் பெண் வாயைத் திறந்து, பக்கத்தைப் பார்த்து, மூடிக்கொண்டாள். சுவரோரமாகத் தூணை ஒட்டி உட்கார்ந்து தூண் என்றே பெயர் வாங்கிய பையன் கூரையைப் பார்த்தான்.

"என்னடா, வேலை நிறுத்தமா?"

"ரேடியோ வரட்டும் டீச்சர்," என்றான் தூண். நியாயமான பதில் சொன்ன திருப்தி அவன் முகத்தில் இருந்தது.

சரி, பிடித்துவிட்டோம் என்று நினைத்தாள் டீச்சர். ஒருத்தி சொல்கிறாள், மற்றவர்கள் பின்பாட்டு. ஒருத்திக்காவது தெரிகிறதே. ஆனால் அந்த ஒருத்தியின் தாளைத் தேடி எடுத்துப் பார்த்தால் அதுவும் கிட்டத்தட்ட வெள்ளை.

மதியம் ரேடியோவை மட்டும் வகுப்பில் நிறுத்திக்கொண்டாள்.

"இந்தா பேப்பர், பேனா. ஒரு நூலகத்துல பத்துல ஏழு பங்கு புத்தகம் வெளியே போயிருக்கு. மீதித் தொண்ணூறு அலமாரியில இருக்கு. மொத்தம் எத்தனை?"

ரேடியோ பேப்பரைப் பார்க்கவில்லை. டீச்சர் முகத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்னம்மா?"

"சொல்லுங்க டீச்சர்."

"நான் என்ன சொல்றது?"

"ஆரம்பிங்க."

"எதை?"

"விடையை. நீங்க ஆரம்பிச்சாத்தானே நான் முடிக்க முடியும்?"

டீச்சர் மெதுவாக, ஒரு வம்புக்கு, "சரி. எழு...?" என்றாள்.

"நூறு," என்றாள் ரேடியோ, கண் இமைக்காமல்.

"எப்படி நூறு?"

"இல்லையா? அப்போ எழுபது. உங்க புருவம் மேலே போனா பெரிய எண்ணு, போகலன்னா சின்னது. போச்சு மாதிரி இருந்துச்சு. சரியாத் தெரியல."

"ரெண்டும் தப்பு. முந்நூறு."

"நீங்க 'முந்'னு சொல்லியிருந்தா நான் அப்பவே சொல்லியிருப்பேனே," என்றாள் ரேடியோ. குரலில் லேசான குறை. ஏமாற்றப்பட்டவளுடைய குறை.

இத்தனை மாதமாக இந்த வகுப்பில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது ஒரே ஓர் ஆள்தான் என்பது டீச்சருக்கு அந்தக் காலி வகுப்பில்தான் விளங்கியது. கேள்வியும் அவளே கேட்டு, விடையின் முதல் பாதியையும் அவளே கொடுத்து, மீதிப் பாதியை வாங்கிக்கொண்டு பூரித்துப் போயிருக்கிறாள்.

"நான் மக்கா டீச்சர்?" என்று கேட்டாள் ரேடியோ.

"நீயா? மனுஷங்க புருவத்தைப் படிச்சுக் கணக்குப் போடறவ மக்கா? இவ்வளவு கஷ்டமான வேலையைச் செய்றவளுக்குப் பின்னம் என்ன பெரிய விஷயம். சாப்பிடப் போ."

சாயங்காலம் வீட்டில் அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கணவர் பஸ் ஓட்டுநர், அன்று காலை முறை முடித்து வந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"பின்கதவைப் பூட்...?" என்றாள்.

"டிட்டேன்," என்றார் அவர்.

அவள் அப்படியே நின்றுவிட்டாள். "எத்தனை நாளா இப்படி?"

"எது?"

"நான் பாதி சொல்றது, நீங்க மீதி சொல்றது."

"கல்யாணம் ஆனதுலேருந்து. நமக்குள்ள மட்டும்னு நினைச்சு நானே பெருமைப்பட்டுட்டு இருக்கேன். பள்ளிக்கூடத்துலயுமா?"

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா?"

"சொல்ல ஆரம்பிச்சா நீ முடிச்சுடுவியே."

மறுநாள் காலை அவள் நேராகத் தலைமையாசிரியையிடம் போனாள். "குறை எங்கேன்னு கண்டுபிடிச்சுட்டேன் மேடம். பிள்ளைங்ககிட்ட இல்ல, என்கிட்ட. அதனால சரி பண்றது சுலபம்."

"எப்படிச் சுலபம்?"

"நாப்பது பேரைத் திருத்த வேணாம். ஒருத்தியைத் திருத்தினாப் போதும். அவளை எனக்கு நல்லாத் தெரியும்."

தெரிந்தவளைத் திருத்துவதுதான் பெரும்பாடாக இருந்தது. கேள்வி கேட்டதும் நாக்கு தானாக விடையின் நுனிக்குப் போய் நிற்கிறது. உதட்டைக் கடித்தால் புருவம் பேசுகிறது. கடைசியில் கணக்கைப் பலகையில் எழுதிவிட்டு, வகுப்பைச் சுற்றிக்கொண்டு போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். பிள்ளைகள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

"பலகையைப் பாருங்க. என் முதுகுல விடை ஒட்டியிருக்கா?"

"உங்க முதுகு தெரியல டீச்சர், முகம்தான் தெரியுது," என்றாள் சுண்டெலி.

"அதையும் பாக்காதே," என்ற டீச்சர், வகுப்பு முழுதுக்கும் சொன்னாள்.

"இனிமே யாரும் சேர்ந்து சொல்லக்கூடாது. ஒருத்தர் எழுந்து சொல்லணும். தப்பா இருந்தா நான் தப்புன்னு சொல்லமாட்டேன். சரியா இருந்தாலும் சொல்லமாட்டேன். நீங்கதான் சொல்லணும்."

வகுப்பு அமைதியாகிவிட்டது. ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி, நாள் கணக்கில். 'அ' பிரிவு சார் கதவோரம் தலையை நீட்டினார்.

"என்ன டீச்சர், எல்லாரும் ஊருக்குப் போயிட்டாங்களா?"

"யோசிக்கறாங்க சார். உங்களுக்குப் பழக்கமில்லாத சத்தம்."

இஸ்திரிக் கடைக்காரி ஒரு நாள் பள்ளிக் கதவருகே வழிமறித்தாள். கையில் இன்னும் சூடு ஆறாத சட்டை.

"டீச்சர், என் பொண்ணுக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலயே. ஏங்க?"

"பொட்டி தேய்ச்சுக்கிட்டே அவ குரலைக் கேப்பேன். கடைக்கு வர்றவங்ககிட்ட, அதோ, என் பொண்ணு விடை சொல்றான்னு சொல்லுவேன். இப்போ ஒரு சத்தமும் காணோம். வீட்லயும் உம்முனு இருக்கா. என்னமோ அவ வாயை நீங்க அடைச்சிட்டீங்கங்கறா."

டீச்சருக்குச் சுருக்கென்றது. ஆனால் பின்வாங்கவில்லை. "அவ சொன்னதெல்லாம் என் விடைம்மா. அவளோட விடை இன்னும் வரல. வந்ததும் உங்களுக்குத்தான் முதல்ல கேக்கும்."

"எப்போ வரும்?"

"வரும். கொஞ்சம் பொறுங்க."

"பொறுக்கறேன். நீங்க சொல்றீங்களேன்னு பொறுக்கறேன்," என்றுவிட்டு அவள் சட்டையை உதறிக்கொண்டு போனாள்.

ரேடியோ நிஜமாகவே வாயைக் கட்டிக்கொண்டிருந்தாள். தன் பேர் போன குரலை எடுத்து ஒரு மூலையில் வைத்துவிட்ட மாதிரி கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். முதலில் எழுந்தது, யாரும் எதிர்பார்க்காத தூண்.

பலகையில் அன்றைக்கு இருந்தது பஸ் கணக்கு. ஒரு பஸ்ஸில் எட்டில் ஐந்து பங்கு இருக்கையில் ஆள் இருக்கிறார்கள், பதினெட்டு இருக்கை காலி, மொத்தம் எத்தனை இருக்கை?

"நூத்தி நாப்பத்தி நாலு," என்றான் தூண்.

டீச்சர் கடைசி பெஞ்சில் தன் இரண்டு கைகளையும் உட்காரும் பலகைக்கு அடியில் கொடுத்துக்கொண்டாள். வாயிலிருந்து எதுவும் வராமல் பார்த்துக்கொண்டாள்.

"எப்படி?" என்றது ஒரு குரல்.

"காலி பதினெட்டு. எட்டுப் பங்கு. பதினெட்டை எட்டால பெருக்கினேன்."

"நூத்தி நாப்பத்தி நாலு பேர் உக்கார்ற பஸ் எங்கடா போகுது?"

"ரெண்டு மாடி பஸ்."

"ரெண்டு மாடியா? அதுக்கு மேலே இன்னும் ஒரு மாடி கட்டணும்."

வகுப்பு சிரித்தது. தூணும் சிரித்தான். ஆனால் உட்காரவில்லை. பலகையைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"பஸ் பெருசாயிடுச்சு," என்றான் தனக்குத்தானே. "எங்கேயோ இழுத்துட்டேன்."

"காலியா இருக்கறது ஒரு பங்கு இல்லடா," என்றாள் சுண்டெலி, எழுந்து. "எட்டுல அஞ்சு போனா மூணு. மூணு பங்கு சேர்ந்துதான் பதினெட்டு."

"அப்போ நான் மூணு பங்கை ஒரு பங்குன்னு நினைச்சு..."

அப்போதுதான் ரேடியோ எழுந்தாள். யாரும் கூப்பிடவில்லை. பலகைக்குப் போய் எட்டுக் கட்டம் வரைந்தாள். ஐந்தில் கோடு போட்டு அடைத்தாள். மீதி மூன்று கட்டத்தையும் சேர்த்து ஒரு வளையம் போட்டுப் பதினெட்டு என்று எழுதினாள். நின்றாள். கழுத்து பாதி திரும்பியது, கடைசி பெஞ்சின் பக்கமாக. டீச்சர் சட்டென்று குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்ய ஆரம்பித்தாள். நிமிர்ந்தபோது ரேடியோ ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஆறு ஆறு என்று எழுதிக்கொண்டிருந்தாள். எட்டாவது கட்டமும் முடிந்தது.

"நாப்பத்தி எட்டு," என்றாள். மெல்லிய குரல். பிறகு திரும்பி, அவளுடைய பழைய குரலில், தெருவுக்கே கேட்கும்படி, "நாப்பத்தி எட்டு. இது சரிதான். யாரையும் கேக்க வேணாம், பாத்தாலே தெரியுது."

"பஸ் அளவும் சரியா இருக்கு," என்றான் தூண், பெருந்தன்மையாக.

அதற்குப் பிறகு வகுப்பில் சத்தம் திரும்பியது. பழைய சத்தம் இல்லை. "இல்லடா", "எப்படிடி", "நீ போட்டது தலைகீழ்" என்று ஒருவர் மேல் ஒருவர் விழுந்து பேசும் சந்தைச் சத்தம். 'அ' பிரிவு சார் தன் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஆண்டுத் தேர்வுத் தாள்கள் திருத்தி வந்த அன்று தலைமையாசிரியை கூப்பிட்டு அனுப்பினார். மேசையில் இரண்டு கட்டு.

"ரொம்ப ஏறியிருக்கு டீச்சர். நான் எதிர்பார்க்கல. ஆனா 'அ' பிரிவைத் தொடல. கொஞ்சத்துல நிக்குது."

"ஆமாம் மேடம்."

"தொடும்னு சொன்னீங்க."

"சொன்னேன். தொடல. உங்க பேச்சுப்படி எனக்கு மூணாம் வகுப்பு. அதுக்கு முன்னாடி இந்தக் கட்டுலேருந்து எதையாவது உருவி, பேரை மட்டும் சொல்லுங்க."

தலைமையாசிரியை ஒன்றை உருவினார். "அந்தத் தூண் பையன்."

"பின்னம் நல்லாப் போட்டிருப்பான். தசமப் பெருக்கல்ல புள்ளியை இடம் மாத்தி வெச்சிருப்பான். ஒரு இடத்துல இல்ல, எல்லா இடத்துலயும்."

தலைமையாசிரியை தாளைப் புரட்டினார். புள்ளிகள் அப்படித்தான் இருந்தன. இன்னொன்றை உருவினார். டீச்சர் சொன்னாள். மூன்றாவதையும் சொன்னாள்.

"அரையாண்டுல வெள்ளைத் தாளை வெச்சுக்கிட்டு இதுங்களுக்கு என்ன தெரியாதுன்னே எனக்குத் தெரியல மேடம். இப்போ ஒவ்வொருத்தருக்கும் என்ன தெரியாதுன்னு தெரியும். வேற யாராவது எடுத்தா அதைக் கண்டுபிடிக்கவே அரை வருஷம் போயிடும். நான் முதல் வாரத்துலயே ஆரம்பிச்சுடுவேன்."

தலைமையாசிரியை அடுத்த தாளில் நின்றுவிட்டார். ரேடியோவுடையது. புத்தகத்தில் ஏழில் நான்கு பங்கு படித்தாயிற்று, அறுபது பக்கம் பாக்கி, மொத்தப் பக்கம் எத்தனை என்று கேள்வி. அவள் ஏழு கட்டம் போட்டு, மூன்றை வளைத்து அறுபது எழுதி, கட்டத்துக்கு இருபதாக நூற்று நாற்பது என்று முடித்திருந்தாள். திருத்தியவர், 'முறைப்படி செய்யவில்லை' என்று எழுதிப் பாதி மதிப்பெண்ணை வெட்டியிருந்தார்.

"விடை சரி. ஆனா கட்டம் போட்டு விளையாடியிருக்காளே. எட்டாம் வகுப்புல இது செல்லாதே டீச்சர்."

"அவளையே கேளுங்க மேடம்."

ரேடியோ வந்தாள். உள்ளங்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"இது பாரு, ஏழு பங்கு, ஏழு கட்டம் போட்டே. சரி. எழுபத்தி மூணு பங்குன்னு கேட்டா? எழுபத்தி மூணு கட்டம் போடுவியா?"

டீச்சர் எழுந்து ஜன்னலுக்குப் போனாள். எதிரே இஸ்திரிக் கடையில் பெட்டி போய் வந்துகொண்டிருந்தது. முதுகுக்குப் பின்னால் ஒரு சத்தமும் இல்லை. தலைமையாசிரியைக்குப் பொறுக்கவில்லை போலிருக்கிறது, நாற்காலி கிரீச்சென்றது. டீச்சர் திரும்பவில்லை.

"அவ்வளவு கட்டம் வேணாம் மேடம்," என்றாள் ரேடியோ கடைசியில். "ஒரே ஒரு கட்டம் தெரிஞ்சாப் போதும். எத்தனை பங்கு மீதியோ அதால, மீதி இருக்கற பக்கத்தை வகுத்தா ஒரு கட்டம் கிடைக்கும். அப்புறம் மொத்தப் பங்கால பெருக்கிக்க வேண்டியதுதான். ஏழா இருந்தா என்ன, எழுநூறா இருந்தா என்ன?"

தலைமையாசிரியை நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் ஏதோ போட்டுப் பார்த்தார். மறுபடி போட்டுப் பார்த்தார்.

"இதை யார் சொல்லிக் கொடுத்தா?"

"யாரும் இல்ல. இப்போ நீங்க கேட்டதும்தான் யோசிச்சேன்."

தலைமையாசிரியை சிவப்புப் பேனாவை எடுத்து, வெட்டிய மதிப்பெண்ணை முழுதாகப் போட்டுக் கையெழுத்திட்டார்.

"இதைச் சேர்த்தாலும் 'அ' பிரிவைத் தொடாது டீச்சர்."

"தெரியும் மேடம்."

"நான் தொடணும்னு கேட்டதே தப்போ என்னமோ. சாருக்கு நான் சொல்லிக்கறேன், அவருக்கு 'அ' பிரிவு போதும். எட்டாம் வகுப்பு 'ஆ' பிரிவு உங்களுக்கு. காலையில முதல் பாடவேளை கணக்கு போடப் போறேன். மூளை புதுசா இருக்கும்."

"முதல் பாடவேளையா?" என்றாள் ரேடியோ. "மேடம், அந்த நேரத்துக்கு எனக்குத் தூக்கமே தெளியாது. ரெண்டாவது பாடவேளை வெச்சா என்ன?"

"உன்னை யாரு கேட்டா?"

"நீங்கதானே இவ்வளவு நேரம் கேட்டீங்க."

டீச்சர் ஜன்னலிலிருந்து திரும்பினாள். "ரெண்டாவதே இருக்கட்டும் மேடம். இவ தூங்கி வழிஞ்சா எங்க வகுப்புல சண்டை போட ஆள் இருக்காது."